1870களின் கல் ஆலயம், ஆயுள் முடியும் பாய்லர்: எதிலிருந்து தொடங்குவது?

தெற்குவாசல்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆலயத்தின் கட்டடக் குழுவில் இருக்கிறேன். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டடக் கலை எனக்குப் புதிது. ஆனால் குழுவில் யாராவது ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் அல்லவா?

ஆலயம் 1870களில் கட்டப்பட்டது. சுவர் கல், ஏறத்தாழ 70 செ.மீ. தடிமன், உட்புறம் சுண்ணாம்புப் பூச்சு. நடுக்கூடத்தின் முகடு 14 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபக்கமும் ஈயப் பட்டையில் கோத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். மேற்கே மணிக்கோபுரம், கிழக்கே பீடத்தின் அருகில் பைப் ஆர்கன். தரை கல், பெஞ்சுகளின் கீழ் மட்டும் மரப்பலகை.

எண்ணெயில் எரியும் பாய்லர் ஒன்று, சுவரோரம் ஓடும் தடித்த இரும்புக் குழாய்களில் வெந்நீரைச் சுற்றி அனுப்புகிறது. அதன் ஆயுள் முடிகிறது. அதிகம் போனால் இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும் என்று பராமரிப்பவர் சொல்லிவிட்டார். ஞாயிறு காலை ஆராதனைக்கு 80, 90 பேர் வருவார்கள். புதன் மாலை ஜெபக்கூட்டத்தில் 15 பேர். அவ்வப்போது திருமணம், அடக்க ஆராதனை. மற்ற நேரமெல்லாம் கட்டடம் காலியாகவே இருக்கிறது.

ஞாயிறு ஆராதனைக்காகச் சனி மாலையே பாய்லரை ஏற்றிவிடுகிறோம். காலையில் வெப்பமானி 18 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் ஒருவர்கூட மேலங்கியைக் கழற்றுவதில்லை. முதியோர் சிலர் குளிர்காலம் முழுவதும் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். எண்ணெய்ச் செலவைவிட எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

வெப்பக் காப்பு வேலை செய்யும் ஒருவர் வந்து பார்த்து மூன்று யோசனைகள் தந்திருக்கிறார். சுவரின் உட்புறம் முழுவதும் காப்புப் பலகை அடிப்பது. வண்ணக் கண்ணாடிகளுக்கு வெளியே பிளாஸ்டிக் தகடுகளை இறுக்கமாகப் பொருத்துவது. பாய்லரை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தரும் மின்கருவி) வைத்து, பழைய குழாய்களையே பயன்படுத்துவது. கூரையில் சூரியத் தகடு போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று குழுவில் இன்னொருவர் சொல்கிறார். வடக்குச் சுவரில் முழங்கால் உயரம் வரை ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. இதற்கும் உள்ளே இருக்கும் குளிருக்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சுண்ணச்சாந்து

அம்மா, பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன் நான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி.

தொடக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவரின் உட்புறம் காப்புப் பலகை வேண்டாம். இன்று கட்டப்படும் சுவர், மழையை வெளியிலேயே தடுத்து நிறுத்தும். உங்கள் சுவரின் வழி வேறு. அது மழையைச் சிறிது உள்ளே வாங்கும்; காற்றும் வெயிலும் பட்டதும் சுண்ணாம்புச் சாந்தின் வழியாகத் திருப்பி விட்டுவிடும். 150 ஆண்டுகளாக இந்த வரவும் செலவும் சரியாக நடந்திருக்கின்றன. உள்ளே பலகை அடித்துவிட்டால் ஆலயத்தின் சூடு கல்லுக்குப் போய்ச் சேராது. கல் முன்பைவிடக் குளிரும், உலர்வதற்கும் வழி குறையும். பலகையின் இடுக்குகளில் நுழையும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த கல்லின் மேல் நீராகப் படியும். அது யார் கண்ணிலும் படாது. கூரை உத்தரங்களின் முனைகள் அந்தச் சுவருக்குள்தான் புதைந்திருக்கின்றன. அவை ஆண்டுக்கணக்கில் நனைந்தே கிடந்தால் உளுத்துப்போகும். வெளிப்புறத்தில் கல்லுக்குள் தேங்கிய நீர் உறைந்து விரியும்போது முகப்பு செதில் செதிலாக உரியும்.

இத்தனை ஆபத்தையும் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு லாபமும் கிடையாது. 1877ல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பிரிட்டிஷ் சங்கம் பழைய சுவர்களில் கருவி பொருத்தி அளந்து பார்த்தது. கணினிக் கணக்கு சொன்னதைவிடப் பெரும்பாலான சுவர்கள் வெப்பத்தை நன்றாகவே தடுத்து நிறுத்தின. ஒப்பந்தக்காரர் காட்டும் சேமிப்புக் கணக்கு எந்தச் சுவரை வைத்துப் போடப்பட்டது என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் வடக்குச் சுவருக்கு வருகிறேன். தொடர்பு உண்டா என்று கேட்டீர்கள். நிச்சயமாக உண்டு, உங்கள் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும். அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 24 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகளில் காற்று இருக்கும்வரை சுவர் ஓரளவு காப்பாக இருக்கும். அங்கே நீர் புகுந்துவிட்டால் நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்ட நிலைதான். அந்த நீரை ஆவியாக்கவும் உங்கள் எண்ணெயே செலவாகிறது.

ஒரு மழை நாளில் குடையோடு வெளியே போய் ஆலயத்தைச் சுற்றி வாருங்கள். மழை பெய்யும்போது பார்ப்பதுதான் முக்கியம். கூரையோரப் பீலி எங்காவது வழிகிறதா, வடிகுழாயின் இணைப்பு விட்டிருக்கிறதா, குழாய் இறங்கும் இடத்தில் நீர் தேங்குகிறதா என்று பாருங்கள். ஆண்டாண்டாக மண் சேர்ந்து வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கற்களுக்கு இடையிலான இணைப்புகளைச் சாவியால் மெல்லக் கீறிப் பார்க்கலாம். சுண்ணாம்பு கொஞ்சம் உதிரும். சாம்பல் நிறமாக, கீறவே முடியாமல் இருந்தால் பிற்காலத்தில் யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள். போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை 1824லேயே கிடைத்துவிட்டது. ஆனால் பழைய சுவர்களின் இணைப்புகளை அதனால் அடைக்கும் வழக்கம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் பரவியது. சிமென்ட் இணைப்பு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல்லின் வழியாகவே வெளியேறப் பார்க்கும், அதனால் கல்தான் அழியும். அதை நிதானமாகப் பெயர்த்து எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்ப வேண்டும். 70 செ.மீ. சுவர் முழுவதும் உலர ஓரிரு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை உட்பூச்சைப் புதுப்பிக்காதீர்கள்.

அடுத்து, 18 டிகிரியிலும் ஏன் குளிர்கிறது என்பது. மனித உடல் காற்றின் வெப்பநிலையை மட்டும் உணர்வதில்லை. சுற்றியுள்ள பரப்புகளுக்கு நம் உடல் தன் சூட்டைக் கதிராக இழந்துகொண்டே இருக்கிறது. காற்று 18 டிகிரியிலும் கல்லும் கண்ணாடியும் 9 டிகிரியிலும் இருந்தால், காற்றோட்டம் இல்லாத இடத்தில் உடல் உணர்வது ஏறத்தாழ 13 அல்லது 14 டிகிரிதான். உயரமான ஜன்னலைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்து வழுக்கி இறங்கி, பெஞ்சில் இருப்பவரின் கழுத்தில் விழும். சூடான காற்றோ 14 மீட்டர் மேலே போய்விடும். இதற்கு மாற்றாகப் பத்து மணி நேரம் கூடுதலாக எரித்தாலும் கல் சூடேறாது, எண்ணெய்தான் தீரும்.

ஆகவே காற்றைச் சூடாக்குவதை விட்டுவிட்டு ஆட்களைச் சூடாக்குங்கள். 2002 முதல் 2005 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இதற்கென்றே ஓர் ஆய்வு நடந்தது. இத்தாலிய விஞ்ஞானி டாரியோ கமுஃபோ தலைமையில், ஆல்ப்ஸ் மலையில் உள்ள ரோக்கா பியெத்தோரே என்னும் ஊரின் ஆலயத்தில், பெஞ்சிலேயே மிதமான சூட்டைத் தரும் மின்தகடுகளைப் பொருத்திப் பார்த்தார்கள். கால், தொடை, கை ஆகிய இடங்களுக்குச் சூடு கிடைத்தது. சுவரோவியமும் மரச்சிற்பமும் இருக்கும் பகுதியின் காற்று பெரிதாக மாறவில்லை. ஆலயங்களைச் சூடாக்குவதற்கென்றே ஈ.என். 15759-1 என்ற ஐரோப்பியத் தர விதி 2011ல் வந்தது. பழைய கட்டடங்களின் ஆற்றல் சிக்கனத்துக்கு 2017ல் வந்த ஈ.என். 16883 இருக்கிறது. யார் திட்டம் கொண்டுவந்தாலும் இந்த இரண்டையும் படித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கதவுகளைப் பற்றிச் சிறிது. இரண்டு மீட்டர் அகலக் கதவின் அடியில் ஒரு செ.மீ. இடைவெளி இருந்தால், அது 200 சதுர செ.மீ. துளை. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சிறு ஜன்னல் என்றே அதை எண்ணிக்கொள்ளுங்கள். அடியில் தூரிகைப் பட்டை, உட்புறம் கனத்த திரை, முடிந்தால் கண்ணாடியாலான உள்வாசல். கோபுரத்தை மறக்காதீர்கள். மணி இருக்கும் தளத்தின் திறப்புகளில் உள்ள சாய்வுப் பலகைகளின் இடைவெளிகள் திறந்தே இருக்க வேண்டும். மரமும் இரும்பும் உலர்வதற்கு அந்தக் காற்று தேவை. ஆனால் அதற்குக் கீழே உள்ள தளத்தின் ஏறுகதவு திறந்து கிடந்தால் கூடத்தின் சூடெல்லாம் அந்த வழியாக மேலேறிப் போய்விடும். அதை மூடி ஓரங்களை அடையுங்கள்.

---

குழலோசை

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். ஆர்கன்களைச் சுருதி சேர்ப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஆலயத்தை எப்படிச் சூடாக்குவது என்று பேசும்போது ஆர்கனிடம் யாரும் கேட்பதில்லை. அதன் சார்பில் நான் பேசுகிறேன்.

நீங்கள் கணக்கு தெரிந்தவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை உள்ளே 8 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 6.2 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 18 டிகிரிக்கு ஏற்றினால் அது 15.4 கிராம் வரை தாங்கும். உள்ளே இருப்பதோ அதே 6.2தான். ஈரப்பதம் ஒரே இரவில் 40 சதவீதத்துக்கு விழுந்துவிடுகிறது. திங்கட்கிழமை மறுபடி ஏறுகிறது. மரம் வாரந்தோறும் சுருங்கி விரிகிறது. காற்றைப் பகிர்ந்து தரும் பலகைப்பெட்டியில் விரிசல் விழுந்தால், அழுத்தாத கட்டைக்கும் குழல் முனகும். துருத்தித் தோல் காய்ந்து வெடிக்கும். விரிசலுக்குக் காரணம் குளிர் அல்ல, இந்த வேகமான ஏற்ற இறக்கம். 10 டிகிரியில் நிலையாக இருக்கும் ஆர்கன் பல தலைமுறை வாழும்.

சுருதியும் மாறும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஊதுகுழல்களின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). பத்து டிகிரிக்கு 30 சென்ட். அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழல்கள் அதே அளவுக்கு ஏறுவதில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் காதில் குத்தும். 18 டிகிரியில் சுருதி சேர்த்த ஆர்கனை 12 டிகிரியில் வாசிக்கப்போகிறீர்கள் என்றால், முன்கூட்டியே ஆர்கன் பராமரிப்பவரிடம் சொல்லிவிடுங்கள். புதிய ஏற்பாட்டில் ஆர்கனுக்கு நேராகச் சூடான காற்றை ஊதும் எந்தக் கருவியும் வரக்கூடாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

---

மூன்றாம்மணி

எங்கள் ஆலயத்தில் பெஞ்சுச் சூடு போட்டிருக்கிறோம். இதைவிடச் சிறியது, ஆனால் அதே வகைக் கட்டடம். நடைமுறையில் கண்டதைச் சொல்கிறேன்.

எல்லாப் பெஞ்சுகளுக்கும் போடவில்லை. பீடத்துக்கு அருகில் உள்ள பாதிக்கு மட்டும் தகடு பொருத்தி, இருக்கையின் அடியில் முழங்காலுக்குப் பின்னால் வரும்படி வைத்தோம். குளிர்காலத்தில் எல்லோரும் அங்கே சேர்ந்து அமர்கிறார்கள். அவரவர்க்கென்று இருந்த இடத்தை விட்டு வருவது தொடக்கத்தில் பலருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. எங்கள் போதகர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். இப்போது பாட்டு முன்பைவிட நன்றாகக் கேட்கிறது; அருகருகே நின்று பாடுகிறோம். குளிரால் வராமலிருந்த முதியோர் சிலர் திரும்ப வந்துவிட்டார்கள். உங்கள் வருத்தத்தைப் படித்தபோது இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எதிர்பார்ப்பைச் சரியாக வைக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் வெதுவெதுப்பாக இருக்காது. மூக்கு நுனி குளிரும். அமர்ந்து கொஞ்ச நேரம் ஆனதும் உடல் தளரும். இதைச் சபையாரிடம் முன்னரே சொல்லாவிட்டால் முதல் ஞாயிறே குறை கேட்கும்.

பீடத்தில் நிற்பவருக்கும் பாடகர் குழுவுக்கும் தனியாக யோசியுங்கள். போதகரின் காலடியில் சிறிய சூட்டுத் தகடு போதும். பெஞ்சு இல்லாத இடத்துக்குச் சூடேறும் மெத்தைகள் கிடைக்கின்றன; ஒன்றுக்குச் சில பத்து வாட்தான் ஆகும். கல் தரையில் ரப்பர் அடிப்பாகம் உள்ள கம்பளத்தை விரிக்காதீர்கள். கீழிருந்து வரும் ஈரம் அதனடியில் சிக்கிக்கொள்ளும். அவசரத்துக்கு எரிவாயு அடுப்பை உருட்டி வருவதும் வேண்டாம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி வெளிவரும். அத்தனையும் உங்கள் வண்ணக் கண்ணாடியிலும் சுவரிலும்தான் படியும். மக்கள் கூட்டமே மணிக்குப் பல லிட்டர் நீராவியை மூச்சில் விடுகிறது, அதற்கு மேல் இது எதற்கு?

விளக்குகளைச் சீக்கிரம் மாற்றுங்கள். 500 வாட் ஹாலஜன் செய்யும் வேலையை 80, 100 வாட் எல்.ஈ.டி. செய்யும். வாட்டிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்திலேயே 2014ல் எல்.ஈ.டி.க்கு மாறிவிட்டார்கள். மஞ்சள் சாயல் உள்ள ஒளியாக, நிறங்களை உண்மையாகக் காட்டும் தரத்தில் வாங்குங்கள். பழைய மங்கலாக்கும் சுவிட்சோடு இணைத்தால் சிமிட்டும். அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். சாரம் கட்டி விளக்கு மாற்றும் அன்றே உச்சியில் உள்ள பீலியையும் ஜன்னல் விளிம்பையும் பார்த்துவிடலாம்.

---

வெப்பச்சுழல்

ஹீட் பம்ப் பொருத்துவது என் தொழில். ஆனாலும் உங்களுக்குச் சொல்லப்பட்ட வடிவில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் இரும்புக் குழாய்கள் 70, 80 டிகிரி வெந்நீருக்காகப் போடப்பட்டவை. காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் 45 டிகிரி அளவில்தான் சிக்கனமாக ஓடும். கூடம் 15 டிகிரி என்றால், 75 டிகிரி நீருக்கும் கூடத்துக்கும் இடையே 60 டிகிரி வேறுபாடு. 45 டிகிரி நீருக்கு 30. வேறுபாடு பாதியானால் குழாய் தரும் வெப்பம் பாதிக்கும் கீழே போய், ஏறத்தாழ 40 சதவீதமாகிவிடும். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் வேகமாகச் சூடேற்ற வேண்டிய கட்டடத்துக்கு அது எட்டாது. நீரை அதிகச் சூடாக்கி ஈடுகட்டினால் சிக்கனம் போய்விடும்.

இதை வைத்து ஹீட் பம்பே ஆலயத்துக்கு ஆகாது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். நாள்தோறும் திறந்திருக்கும் பேராலயமாக இருந்தால், தரையடிச் சூட்டோடு அதுவே சிறந்த வழி. இங்கிலாந்தின் பாத் அபே, அருகிலுள்ள ரோமானியக் குளியலகத்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து தன் தரையைச் சூடாக்குகிறது. அந்த ஊற்றில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல், 45 டிகிரிக்கும் கூடுதலான சூட்டில் நீர் வருகிறது. அவர்களுக்குக் கட்டடத்தின் பயன்பாடும் பொருந்தியது, ஊற்றும் பக்கத்தில் இருந்தது. உங்களுக்குப் புதன்கிழமை 15 பேருக்கு ஒரு சிறிய அறை இருக்குமானால், அங்கே காற்றையே சூடாக்கும் சிறிய ஹீட் பம்ப் ஒன்று போதும்.

சூரியத் தகடு பற்றி: கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் கூரையில் 2023ல் 438 தகடுகள் பொருத்தினார்கள். பாரம்பரியக் கட்டடத்திலும் முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் குளிர்காலத்தில்தான் தகடு மிகக் குறைவாகத் தரும், அப்போதுதான் உங்களுக்கு மிக அதிகமாகத் தேவை. வாரநாளில் காலியாக இருக்கும் கட்டடம் அந்த மின்சாரத்தைத் தானே பயன்படுத்தவும் வழியில்லை. தேவையைக் குறைத்த பிறகு அந்தப் பேச்சை எடுங்கள்.

---

தெற்குவாசல்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அச்சடித்துக் குழுவில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன்.

சுண்ணச்சாந்து ஐயா சொன்னபடி மழையில் சுற்றிவந்தேன். வடக்குப் பக்கம் புதருக்குப் பின்னால் வடிகுழாயின் இணைப்பு விட்டு, நீர் முழுவதும் சுவரில் வழிகிறது. அந்தப் பகுதியின் இணைப்புகள் அத்தனையும் சிமென்ட். ஓதம் ஏறிய இடத்துக்கு நேர் பின்னால்! கோபுரத்தின் ஏறுகதவும் திறந்தே கிடந்தது. ஆலயம் பூட்டியிருந்த இரவில் மின்மீட்டரைப் பார்த்தேன். சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரம் கழுவும் இடத்தில் உள்ள வெந்நீர்த் தொட்டி இரவும் பகலும் கொதித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

பெஞ்சுச் சூட்டுக்கு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு பெஞ்சில் 4 பேர், பெஞ்சுக்கு 300 வாட் என்றால் 22 பெஞ்சுக்கு 6.6 கிலோவாட். இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 யூனிட். எங்கள் பாய்லர் 100 கிலோவாட். சனி மாலை முதல் 14 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 1,400 யூனிட்டுக்குச் சமம். நூறு மடங்குக்கும் மேல் வேறுபாடு வருகிறது. இதை நம்பிக் குழுவில் வைக்கலாமா?

இரண்டு கேள்விகள் மீதம் இருக்கின்றன. ஜன்னல்களுக்கு என்ன செய்வது? கூரையின் உட்புறத்தில் காப்பு போடலாமா? நடுக்கூடத்துக்கு மேல் மரப்பலகைக் கூரைத்தளம், அதற்கு மேல் ஈயத் தகடு.

---

சுண்ணச்சாந்து

அம்மா, அந்த வடிகுழாயை இந்த வாரமே சரிசெய்யுங்கள். அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய வேலை அல்ல அது. சிமென்டைப் பெயர்ப்பதற்கு மட்டும் பாரம்பரியக் கட்டடங்களுக்கான அனுமதி தரும் அமைப்பிடம் முதலில் கேளுங்கள்.

கணக்கு சரி, ஆனால் குழுவில் வைக்கும்போது இரண்டு திருத்தங்களோடு வையுங்கள். பாய்லர் 14 மணி நேரமும் முழு வேகத்தில் ஓடியிராது, அவ்வப்போது அணைந்து எரியும். அதன் உண்மையான அளவு உங்கள் எண்ணெய் ரசீதில் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 10 யூனிட். இரண்டாவது, பெஞ்சுச் சூடு வந்த பிறகும் கடுங்குளிரில் குழாய் உறையாமல், ஈரப்பதம் கட்டுமீறாமல் இருக்க மெல்லிய பின்னணிச் சூடு தேவைப்படலாம். அதை வெப்பநிலையை வைத்து இயக்காமல் ஈரப்பதத்தை வைத்து இயக்குங்கள். குழலோசை சொன்ன மரத்துக்கும் அதுதான் நல்லது. இரண்டையும் கழித்த பிறகும் வேறுபாடு மிகப் பெரிதாகவே நிற்கும்.

ஜன்னல்களுக்கு வெளியே பிளாஸ்டிக்கை இறுக்கமாக அடைப்பதை மறுத்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே வெயிலில் சூடு சேரும், இரவில் நீர் படியும், ஈயப் பட்டை வளையும். பிளாஸ்டிக் சில ஆண்டுகளில் மஞ்சளித்தும்விடும். வண்ணக் கண்ணாடிக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டால் காற்றோட்டம் விட்ட இரட்டை அமைப்பாகத்தான் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் கிழக்குப் பெரு ஜன்னல் 1405 முதல் 1408க்குள் ஜான் தார்ன்டன் செய்தது. பழுதுபார்ப்பு முடிந்து 2018ல் அது திரும்ப நின்றபோது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அதற்கு வெளியே வந்தது. அது நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை. நோக்கமும் ஜன்னலைக் காப்பதுதான், வெப்பச் சேமிப்பு அல்ல. உங்களுக்கு இப்போதைக்குச் செய்ய வேண்டியது எளிது. ஜன்னலில் திறந்து மூடும் சிறு பலகணிகள் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தால் இறுக மூடும்படி செய்யுங்கள். கோடையில் திறக்கவும் முடிய வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஈயக் கண்ணாடி தெரிந்தவரைக் கொண்டு அடையுங்கள்.

கூரைக்காப்பு ஆசை காட்டும், ஏனெனில் சூடெல்லாம் அங்கேதான் சேர்கிறது. ஆனால் நீங்கள் காற்றைச் சூடாக்குவதையே நிறுத்தப்போகிறீர்கள் என்றால் அங்கே சேமிக்க அதிகம் மிஞ்சாது. ஈயத் தகட்டின் அடிப்பாகத்தில் நீர் படிந்தால் அது வெள்ளைப் பொடியாக அரித்து உதிரும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஈயத்தை முழுவதும் மாற்ற வேண்டிய காலம் வரும்போது, அடியில் காற்றிடைவெளி விட்டுக் காப்போடு சேர்த்துச் செய்யலாம். அதுவரை தொடாதீர்கள். மேலே ஏறும்போது வௌவால் எச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல நாடுகளில் அவை சட்டப் பாதுகாப்பு பெற்றவை. வேலைக்கான காலத்தை அவற்றை அனுசரித்தே குறிக்க வேண்டியிருக்கும்.

பாய்லருக்கு இன்னும் ஒரு குளிர்காலம் இருக்கிறது என்றீர்களே, அந்தக் குளிர்காலத்தை அளப்பதற்குப் பயன்படுத்துங்கள். வெப்பநிலையும் ஈரப்பதமும் பதிவுசெய்யும் சிறிய கருவிகள் நான்கு போதும். ஒன்று பெஞ்சில் அமர்ந்தவரின் இடுப்பு உயரத்தில், ஒன்று கூரைக்கு அருகில், ஒன்று வடக்குச் சுவரோரம், ஒன்று ஆர்கன் பெட்டிக்குள். குழாய்க்கு மேலோ வாசலுக்கு எதிரிலோ வெயில் விழும் இடத்திலோ வைக்காதீர்கள். அதற்கிடையில் முன்வரிசைப் பெஞ்சுகள் இரண்டுக்கு மட்டும் தகடு பொருத்தி, வராமல் நின்றுபோன முதியோரை அழைத்து உட்காரவைத்துப் பாருங்கள். மொத்தப் பெஞ்சுகளுக்கும் பொருத்துவதா என்பதை அவர்கள் சொல்வதையும் கருவிகள் சொல்வதையும் வைத்து முடிவு செய்யலாம். பதிவுகள் கிடைத்ததும் இங்கே போடுங்கள், நானும் குழலோசையும் பார்த்துச் சொல்கிறோம்.